அவளுக்கென்று ஒரு சட்டி

என் மகள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று கேட்டது தண்ணீர் ஊற்றிய சோறு. எங்களுக்கு அது முதலில் புரியவில்லை. சுடச்சுடச் சோறும் பருப்பும் நெய்யுமாகப் பிசைந்து தட்டில் வைத்திருந்தோம். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த டம்ளர் தண்ணீரை எடுத்து அப்படியே சோற்றின் மேல் கவிழ்த்தாள். நெய் மிதந்தது. "பொகாளா" என்றாள். அதுதான் அவள் எங்களிடம் பேசிய முதல் சொல். அப்போது அவளுக்கு ஐந்து வயதிருக்கும். வயதுகூட உத்தேசம்தான். ஒடிசாவின் உட்பகுதியில் ஏதோ ஒரு ஊர்ப் பிள்ளை, அதற்கு மேல் எதுவும் தெரியாது என்று தத்துக் கொடுத்த இல்லத்தில் சொல்லிவிட்டார்கள்.

என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி, சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அட, பழையது கேக்குதா கொழந்த! நம்ம ஊட்டுல அதுக்கா பஞ்சம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் விடிந்தால் பழைய சோறு உண்டு. தொட்டுக்கொள்ள மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைத் துவையலோ, மோர்மிளகாயோ, சுட்ட கருவாடோ இருக்கும். எங்கோ பிறந்த குழந்தை நம் வீட்டுச் சாப்பாட்டையே கேட்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஒரு சமூகப் பணியாளர் அம்மா அவ்வப்போது வருவார். பிஸ்கட் சாப்பிடமாட்டார், டீ மட்டும் குடிப்பார். அவர்தான் அதைச் சொன்னார்.

"அவ பொறந்த எடத்துச் சாப்பாட்ட மட்டும் நிறுத்திடாதீங்க மேடம். பாஷை மறந்துடுவா. சாப்பாடு ஒண்ணுதான் நிக்கும்."

பாஷை அவர் சொன்னதைவிட வேகமாகப் போனது. ஒரு பள்ளிக்கூட வருஷம் முடிவதற்குள் ஒடியா மொத்தமும் கரைந்துவிட்டது. தூக்கத்தில் மட்டும் ஏதோ சொல்வாள், பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் தெருவில் விளையாடிவிட்டு வந்து "இன்னாம்மா, பேஜாரு பண்ணிக்கினு" என்று என்னிடமே சலித்துக்கொண்டாள். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளையை அதன் ஊரிலிருந்து அடியோடு பிடுங்கி எடுத்துவிட்டோம் என்று தோன்றியது. மிச்சம் இருப்பது நாக்கு ஒன்றுதான், அதையாவது காப்பாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் ஒன்றைப் பிடித்தால் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. என் அம்மாவைக் கேட்டால் இதையே வேறு மாதிரி சொல்வார்.

போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். பேசுவது ஒன்றும் விளங்காது, கையை மட்டும் பார்ப்பேன். பருப்பும் காயும் சேர்த்து ஒரு குழம்பு, கடுகை அரைத்து மீன், சுட்ட பொடிக் கருவாட்டில் பூண்டும் மிளகாயும் வைத்து நசுக்கிய ஒரு துவையல். எல்லாவற்றிலும் கடுகெண்ணெய். திண்டிவனத்தில் கடுகெண்ணெய் கேட்டுப் பாருங்கள், "யாருக்கு மூட்டு வலி?" என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்து அடுப்பு மேடையில் வைத்தேன். மறுநாள் காணோம். தேடினால் மாமனாரின் முழங்காலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

எனக்கு வேலை விழுப்புரத்தில், ஒரு ஸ்கேன் சென்டரில். வருகிறவர்களை உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, பேர் கூப்பிடும் வேலை. அங்கே ஸ்டேஷன் பக்கம் கட்டட வேலைக்கு வந்த வடக்கத்தி ஆட்கள் சாமான் வாங்கும் ஒரு மளிகைக் கடையைக் கண்டுபிடித்தேன். கடுகெண்ணெய் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அன்று பஸ்ஸில் அந்த பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சந்தோஷம் ஒரு வேளை சமையலுக்குத் தாங்கவில்லை. கடுகெண்ணெயைப் புகையவிட்டுத்தான் சமைக்க வேண்டும். புகையவிட்டேன். சமையலறையில் இருந்தவர்கள் மட்டுமல்ல, கூடத்தில் இருந்தவர்களும் இருமினார்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்தும் போகவில்லை. அன்று வைத்த சாம்பாரிலும் அந்த வாசனை, மறுநாள் தோசைக்கல்லிலும் அந்த வாசனை. என் கணவரின் அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஓரகத்தி கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றார்.

"இந்தா பாரு, பச்சக் கொழந்தைக்குன்னு செய்யற, நான் வேணாங்கல. ஆனா இந்த அடுப்புல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்த எண்ண இருக்கணும்."

பாகம் பிரிக்காத வீடு எங்களுடையது. நிலமும் அப்படித்தான். தனியாகப் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் என் கணவர் "மோட்டாரைப் பார்த்துட்டு வர்றேன்" என்று நிலத்துப் பக்கம் கிளம்பிவிடுவார். ஆக, சமையலறை ஒன்றுதான், அதுவும் ஓரகத்தி கையில். நானே ஒரு வழி சொன்னேன். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில், தகரக் கூரைக்கு அடியில் ஒற்றை அடுப்பு போட்டுக்கொள்கிறேன். அவளுக்கென்று ஓர் இரும்புச் சட்டி, ஒரு கரண்டி, ஒரு தட்டு.

"எல்லாம் தனியா வெச்சிக்கிறேன்க்கா. உங்க பாத்திரத்துல எதுவும் படாது" என்றேன்.

சண்டை அந்த நிமிஷமே முடிந்தது. என் ஓரகத்தி எதற்கும் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிறவர் இல்லை. அன்று அவரே பின்பக்கம் போய், சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைக் காலி செய்து, துடைத்து, பேப்பர் விரித்துக் கொடுத்தார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஊரில் எனக்கு நல்ல பேர். தத்தெடுத்த பிள்ளைக்கு இப்படியெல்லாம் யார் செய்வார்கள் என்று பேசிக்கொண்டார்கள். சமூகப் பணியாளர் அம்மா சட்டியோடும் பிள்ளையோடும் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். வேறு வீடுகளுக்கு என்னை உதாரணமாகச் சொல்வதாகவும் சொன்னார்.

எனக்கு மூச்சு முட்டியது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாரம் முழுக்க விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்குமாக பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரைக்கு அடியில் வெந்துகொண்டிருப்பேன். உள்ளே கூடத்தில் எல்லோரும் கறிக்குழம்பு சாப்பிடும் சத்தம் கேட்கும். நானும் மகளும் பின்பக்கம். நிறுத்திவிடலாம் என்று நினைத்தால் அந்தப் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ஒரே நூலையும் அறுத்ததாகும். நிறுத்தாவிட்டால் இப்படியே போக வேண்டியதுதான். அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கக்கூட முடியாது, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். நானே கட்டிய கூண்டு. கதவை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் வந்தால் ஒரு கேள்வி கேட்பார்கள். என்னிடம் கேட்கமாட்டார்கள், ஓரகத்தியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "இன்னா ஆளுங்களாம்?" எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். ஓரகத்தி "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். அதற்காக நான் அவருக்கு நன்றியோடு இருந்தேன்.

எங்கள் நிலத்தில் மல்லாட்டை பிடுங்க வருகிற பெண்களுக்குப் பின்பக்கம்தான் கூழ் ஊற்றுவார்கள். ஒரு காலத்தில் அவர்களுக்கென்று தனிச் சொம்பு மதில்மேல் கவிழ்ந்திருக்கும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்திருக்கிறேன். இப்போது பேப்பர் கப் வந்துவிட்டது. அதனால் யாரும் யாரையும் ஒதுக்குவதில்லை என்று எங்கள் வீட்டில் நம்புகிறார்கள்.

அந்த இரும்பு அலமாரியில் சாமான்கள் கூடிக்கொண்டே போயின. முதலில் சட்டி, கரண்டி, தட்டு. அப்புறம் ஒரு டம்ளர். அதை நான் வைக்கவில்லை. பிறகு அவள் தண்ணீர் பாட்டில், பள்ளிக்கூட டிபன் பாக்ஸ், அதைத் தேய்க்க ஒரு தனி நார். ஓரகத்தி சுத்தக்காரர், அதுஅது அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பார், அதுதான் என்று விட்டுவிட்டேன். அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். என் மகளுக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். ஜுரம் வந்தால் சுற்றிப் போடுவது அவர்தான். தீபாவளிக்கு என் கணவர் எடுப்பதற்கு முன் அவர் துணி எடுத்துவிடுவார். அவர் மடியில் அவள் படுத்துக்கொண்டு டிவி பார்ப்பாள்.

போன வருஷம் ஓரகத்தியின் மகளுக்கு வளைகாப்பு. அவள் வாழ்க்கைப்பட்டிருப்பது விழுப்புரத்தில். பெண் வீட்டிலிருந்து கலந்த சாதம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். விடியற்காலையே வேன் வாசலில் வந்து நின்றது. நான் புளிச்சாதத்தில் முழங்கை வரை இறங்கியிருந்தேன். எலுமிச்சைச் சாதம் அன்னக்கூடையில் ஆறிக்கொண்டிருந்தது. என் மகள் அப்போதே என் தோள் உயரம். அவளைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, அந்த எலுமிச்ச சாதத்தக் கொஞ்சம் கெளறி வுடு."

அவள் வந்தாள். சமையலறை நிலையைத் தாண்டாமல் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ போயி பூவையெல்லாம் எடுத்து வெய்யி கண்ணு. இத நாங்க பாத்துக்கறோம்" என்றார் ஓரகத்தி. குரலில் அவ்வளவு பிரியம். அவளும் உடனே போய்விட்டாள்.

புளிச்சாதத்திலிருந்து கையை எடுத்தேன். "ஏன்க்கா, அவ கெளறுனா இன்னா?"

"விசேஷத்துக்குப் போற சாதம். சம்பந்தி ஊட்டுக்காரங்க நாள பின்ன ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது பாரு. நமக்கு இன்னா, நம்ம கொழந்ததான்."

வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார். "ஜல்தி ஆகட்டும்மா, நேரம் போவுது" என்று என் கணவர் எட்டிப் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் விசேஷ நாள். வாயைத் திறந்தால் நான் மூடமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் விழுங்கிக்கொண்டேன். வழிநெடுக, கூட்டேரிப்பட்டு தாண்டி, விக்கிரவாண்டி தாண்டி, அது தொண்டையிலேயே நின்றது.

விழுப்புரத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. வளையல் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுப் பரிமாறி அனுப்பிவிட்டு, கடைசியில் வீட்டு ஆட்கள் மட்டும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தோம். சம்பந்தியம்மா எவர்சில்வர் தட்டுகளை ஒவ்வொருவர் முன்பாக வைத்துக்கொண்டே வந்தார். என் மகள் கதவோரம் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் வருவதற்கு முன் தன் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு கேரி பேக். அதிலிருந்து தன் தட்டையும் டம்ளரையும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பின்பக்கத்துத் தட்டு.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. யாருக்கும் அது விசித்திரமாகவும் தெரியவில்லை. சம்பந்தியம்மா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, "பரவால்லியே, நல்லா பழக்கி வெச்சிருக்கீங்க" என்றார்.

என்னைப் பாராட்டினார். ஓரகத்தி தலையை நிமிர்த்தவில்லை. என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தத் தட்டில் விழுந்திருந்த புளிச்சாதத்தில் என் கையை வைத்துப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டேன்.  மகளின் முகம் செத்துப்போனது. "அம்மா, விடும்மா. எல்லாரும் பாக்கறாங்க" என்று பல்லுக்குள் சொன்னாள். நான் விடவில்லை. இரண்டாவது வாய் எடுத்தேன். அவள் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்று எழுந்து வெளியே போய்விட்டாள். அவமானப்படுத்தியது சம்பந்தியம்மா அல்ல, நான்தான் என்பது போல.

வேனுக்குக் காத்திருக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி அவள் மடியில் வைத்தேன். உரித்துத் தின்ன ஆரம்பித்தாள். பசி இருந்திருக்கிறது.

"யாரு உன்னத் தட்டு எடுத்துக்கினு வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானேதான்."

"ஏன் பாப்பா?"

"அவங்க ஊட்டுத் தட்டுல நான் சாப்ட்டா, அப்பறம் அத இன்னா பண்ணுவாங்க? நம்ம ஊட்டுலன்னா பின்னாடி வெச்சிடலாம்."

 தட்டு தனியாக இருப்பது எதற்கு என்று அவள் நினைத்திருக்கிறாள் என்று மெதுவாகக் கேட்டேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பது போன்ற பார்வை.

"நீதானம்மா வெச்ச. பெரியம்மாகிட்ட நீதான சொன்ன, உங்க பாத்திரத்துல எதுவும் படாதுன்னு. எனக்கு ஞாபகம் இருக்குது. எனக்கு அப்பவே தமிழ் நல்லாப் புரியும்."

"அது எண்ண வாசனைக்காகச் சொன்னது கண்ணு."

"டம்ளர்லயுமா எண்ண வாசன வருது?"

  அவளிடம் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். அவள் பிறந்த ஊரை அவளுக்குக் கொடுக்கிறேன் என்று நான் தகரக் கூரைக்கு அடியில் வெந்ததெல்லாம் அவள் கணக்கில் வேறாக இருந்திருக்கிறது. அவளை எங்கே வைக்க வேண்டும் என்று இந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு வேண்டிய சாமானை நான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"அந்தச் சாப்பாடு உனக்குப் புடிக்குமா, இல்லியா? நெசத்தச் சொல்லு."

கையிலிருந்த மல்லாட்டையை உடைத்தாள். "சின்ன வயசுல புடிச்சுது. இப்பத் தெரியலம்மா. நீ ஸ்டேஷன் வரைக்கும் போயி எண்ண வாங்கிக்கினு வர்ற. நான் வேணான்னா நீ அழுவ."

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த அலமாரியைக் காலி செய்தேன். இரும்புச் சட்டியைக் கொண்டுபோய் ஓரகத்தியின் குழம்புச் சட்டிகளோடு அடுக்கினேன். அவள் தட்டையும் டம்ளரையும் சமையலறை ஸ்டாண்டில் எல்லோருடைய தட்டுகளுக்கும் நடுவில் சொருகினேன். ஓரகத்தி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். பஸ்ஸில் வரும்போதே என்னென்ன பேச வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர் ஒரு முறை ஸ்டாண்டைப் பார்த்தார். "சரி, உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். விழுப்புரம் போகும்வரை மனசு காற்றில் மிதந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தால், பின்பக்கத்து அலமாரியில் சட்டி, கரண்டி, தட்டு, டம்ளர் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. நேராக ஓரகத்தியிடம் போனேன்.

"யாரக் கேட்டு எடுத்து வெச்சீங்க?"

"சத்தியமா நான் தொடலம்மா" என்றார். எனக்கு அந்தத் 'தொடல' என்ற சொல்லே போதுமானதாக இருந்தது, இன்னும் கத்துவதற்கு. அதற்குள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"நான்தாம்மா எடுத்து வெச்சேன்."

"ஏன்?"

பெரியம்மா அந்தப் பக்கம் போகும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"காலையில எல்லாருக்கும் பெரியம்மா இட்லிய எலையில வெச்சாங்க. ஸ்கூல் வுட்டு வந்து பாத்தா தோட்டத்துல எல எலையாக் கெடக்குது. மத்தியானமும் எலதான். அந்த ஸ்டாண்டுல இருந்து ஒரு தட்டுகூட எடுக்கல. தெனமும் எலைக்கு எங்கம்மா போவாங்க? பெரியப்பாவுக்கு எலையில சாப்ட்டா வயிறே ரொம்பாது."

துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்று, சின்னப் பிள்ளையைத் தேற்றுவது போல என் முதுகைத் தடவினாள்.

"ஞாயித்துக்கெழம எப்பவும் போலச் செய்யும்மா. நான் சாப்படறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் செய்தேன். அவள் என் எதிரில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.